கொட்டு இல்லாமல் ஒரு பாட்டு

இன்று காலை டேப்லெட்டைத் துடைத்து வைக்கும்போது காதில் மாட்டுகிற வயர் கீழே விழுந்தது. எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு குமிழில் ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு என்றுதானே வைத்திருந்தோம். என்னுடையதில் ஒரு வாசனையும் இல்லை. உன்னுடையதில் அத்தர். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்து, காது மடிப்பில் செருகிய பஞ்சோடு நேரே என் வீட்டுக்கு வருவாய். பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அதே காதில் குமிழை மாட்டிக்கொள்வாய். அந்த வாசனை இத்தனை மாதம் நிற்கும் என்று நான் நினைக்கவில்லை மாப்ள.

எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "இப்படியே எழுதுனா நல்லாருக்காது மாமா, பொஸ்தகத்துல வார மாதிரி மாத்தி எழுதிர்றேன்" என்கிறாள். எழுதட்டும். எப்படி எழுதினாலும் உனக்கு விளங்கும்.

நாம் முதல் பாட்டுப் போட்டது எப்போது என்று கேட்டால் தேதி சொல்ல எனக்குத் தெரியாது. பாம்பன் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டு, புதுப் பாலம் முடியாமல் கிடந்த வருடம் அது. ராமேசுவரம் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாலிநோக்கத்தில் உப்பு வாருகிற நேரம் பார்த்து மழை பெய்து பாத்தியெல்லாம் கரைந்து போனது அந்த வருடம்தான். என் முழங்கால் இனி உப்பளத்துக்கு ஆகாது என்று நான் வீட்டோடு உட்கார்ந்ததும் அப்போதுதான். நீ சவூதியில் சமையல் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்திருந்தாய். மகன் அனுப்பின டேப்லெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருநாள் என் வாசலில் நின்றாய்.

"மாப்ள, கச்சேரி வைப்பமா?"

"யாரு வந்து கேக்குறது?"

"கேக்க ஆளு வேணும்னா கலியாண வீட்டுக்குப் போ. நம்ம பாடுவோம், நம்மளே கேப்போம்."

எனக்கு அந்தப் பொருளைத் தொடவே கூச்சமாக இருந்தது. எழுத்து இருக்கிற எதையும் நான் தொடுவதில்லை. பஸ்ஸின் பலகையைக்கூட நான் பார்ப்பதில்லை. ஆளைக் கேட்டுத்தான் ஏறுவேன். நீ அதைத் திறந்து என் மடியில் வைத்தாய். "பாருலே, இதுல எழுத்தே கெடையாது. எல்லாம் கட்டம். செவப்பு வரிசை குத்து. நீலம் தட்டு. மஞ்ச சலங்கை. எந்தக் கட்டத்தத் தொடுறியோ அது மினுங்கும், மினுங்குற எடத்துல சத்தம் வரும். அம்புட்டுத்தான்."

குனிந்து பார்த்தேன். வரப்பு வரப்பாக, சதுரம் சதுரமாக. "இது எங்க உப்பளம்ல" என்றேன். நீ சிரித்தாய். "அப்பன்னா எந்தப் பாத்திக்குத் தண்ணி விடணும், எதக் காயப் போடணும்னு நீயே பாத்துக்க. நான் பாடுற வேலைய மட்டும் பாக்குறேன்."

அன்றைக்கு நான் போட்ட முதல் கொட்டைக் கேட்டுவிட்டு, "இந்தக் கொட்டுக்குக் கழுதகூட நடக்காது மாப்ள" என்றாய். ஒரு வாரம் போனது. அதே கொட்டு நடக்கத் தொடங்கியது. பிறகு ஓடியது. என் வயதில் ஒரு பொருளைப் பார்த்ததும் இது இன்ன சத்தம் என்று சொல்ல வந்தது அதுதான் முதல் தடவை. மற்றவர்களுக்கு எழுத்துப் படிக்கும்போது இப்படித்தான் இருக்கும் போல என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள், "படிச்சது போதும், ரேசன் கடைக்குப் போயிட்டு வாங்க" என்றாள்.

உன் வீட்டில் பேரப்பிள்ளைகள் கூச்சல். அதனால் பாட்டுப் போடுவது என் வீட்டுக் கூடத்தில் என்று ஆனது, டேப்லெட்டும் என் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஜன்னலில் இரண்டு போர்வையைத் திணித்துக் காற்றை அடைப்போம். ஃபேனை நிறுத்துவோம். பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் டேப்லெட். வயரில் இருக்கிற மைக்கில் காற்று மோதாமலிருக்க உன் கைக்குட்டையைச் சுற்றுவோம். உன்னோடு வருகிற உன் வீட்டுக்காரியும், எனக்குத் தங்கச்சி முறை, என் வீட்டுக்காரியும் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் பேசக்கூடாது என்று கட்டளை. பேசாமல் இருந்தது ஒருநாளும் கிடையாது.

"செத்த நேரம் வாய மூடிக்கிட்டு இருங்கடி" என்று நான் கத்துவேன்.

"ரெண்டு கெழடும் வேர்வையில குளிச்சுக்கிட்டுக் கெடக்குதுக. இதுக்குப் பேரு பாட்டாம்" என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி சொல்வாள். உன் வீட்டுக்காரி சிரிப்பாள். முதலிலிருந்து மறுபடி பாட வேண்டும்.

பாட்டெல்லாம் நீயே கட்டினது. என் வீட்டு நண்டுக் குழம்பைப் பற்றி ஒன்று. சாயல்குடி பஸ் வராத அன்றைக்கு உப்பு லாரியில் நாம் ஏறிப்போனது ஒன்று. கடைசியாகக் கட்டினது உன் சவூதி அடுப்படியைப் பற்றி.

அண்டா அண்டாவாச் சோறு வடிச்சேன், அங்கன
அம்புட்டுப் பேரும் தின்னு போனாக.
எம் பொண்ணுக்கு ஊட்டுன கை எதுன்னு, இங்கன
எனக்கே தெரியாமப் போச்சு.

அந்தப் பாட்டில்தான் நாம் சண்டை போட்டோம். நண்டுக் குழம்புப் பாட்டில் பாதிக் கட்டம் காலியாக இருக்கும். கொட்டு அதுபாட்டுக்கு நடக்கும், நீ அதன்மேல் ஏறி உட்கார்ந்து பாடுவாய். வருடம் போகப் போக உனக்குக் கொட்டு போதவில்லை. "ஏத்து மாப்ள, இன்னும் ஏத்து" என்றாய். "வரி முடியிற எடத்துல ரெண்டு குத்துச் சேத்துப் போடு" என்றாய். அந்த இடத்தில் சலங்கையும் வேண்டும் என்றாய். "மறு காத வெரல வச்சு அடைச்சுக்க, அப்பத்தான் தாளம் நிக்கும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். நானும் ஒரு காதில் கொட்டும் மறு காதில் விரலுமாகத் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

"ஒம் பாட்டே கேக்கலையேய்யா" என்றேன் கடைசிப் பாட்டன்று.

"பாட்டு கெடக்குலே. கொட்டு பேசட்டும்."

"அப்ப நீ எதுக்கு? நான் மட்டும் கொட்டிக்கிட்டு இருக்கேன். இது பாட்டா, தேர்தல் ஊர்வலமா?"

நீ கோபித்துக்கொள்ளவில்லை. என் தொடையில் தட்டி, "நாஞ் சொன்னாப்ல போடு மாப்ள" என்றாய், ரொம்பத் தணிந்து. போட்டேன். சவூதி போய் வந்தவனுக்கு எல்லாம் பெரிதாக வேண்டியிருக்கிறது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நாம் பாட்டுப் போடவில்லை. அந்த ஐப்பசியில் என் வீட்டுக்காரி காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நீ தினமும் வந்து என்னோடு கூடத்தில் உட்கார்ந்திருப்பாய். பாட்டைப் பற்றி நீயும் பேசமாட்டாய், நானும் பேசமாட்டேன். பங்குனியில் உன்னை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனார்கள். அதே காரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். மூச்சுக் கோளாறு, ரொம்ப நாளாகவே இருந்ததாம் என்று யாரோ சொன்னார்கள். யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கபர்ஸ்தானில் உன்மேல் மூன்று பிடி மண் போடச் சொன்னார்கள். போட்டேன். என் கையிலிருந்த மண்ணில் சிப்பித் துண்டு ஒன்று இருந்தது. அதை மட்டும் எடுத்துத் தூரப் போட்டேன், உன்மேல் குத்திவிடக் கூடாது என்று.

சில வாரம் கழித்து உன் மகள் வந்தாள்.

"மாமா, உம்மா இத்தாவுல இருக்கு, நாலு மாசம் பத்து நாளு வெளிய வர முடியாது. வாப்பா பாடுன பாட்டு ஒங்ககிட்டத்தானே இருக்காம். வேணும்ங்குது. ஆனா கொட்டு வேணாமாம். கொரல மட்டும் குடுங்கன்னு கேட்டுச்சு."

துக்க வீட்டில் கொட்டு வேண்டாம் என்கிறார்கள், நியாயம்தான் என்று நினைத்தேன். "நாளைக்கு வா தாயி, எடுத்து வைக்கிறேன்" என்றேன்.

கட்டமெல்லாம் சேர்ந்து கொட்டாக ஓடுவது திரையில் ஒரு பச்சைக் கோடாகத் தெரியும், அதன் ஓரத்தில் ஒரு ஸ்பீக்கர் படம் இருக்கும். அதைத் தொட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும். நீ காட்டிக்கொடுத்ததுதான். ஆனால் நாம் எப்போதும் உன் குரலை நிறுத்திவிட்டுக் கொட்டைத்தான் சரிபார்ப்போம். மற்றபடி நான் உன் குரலைத் தனியாகக் கேட்டதே இல்லை. அன்று கடைசிப் பாட்டில் அந்தப் படத்தைத் தொட்டேன்.

ஒரு வரி பாடுகிறாய். வரி முடிந்ததும் ஒரு இழுப்பு. தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவன் இழுப்பது மாதிரி. நெஞ்சுக்குள் விசில். அடுத்த வரிக்குப் பாதி மூச்சுத்தான் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு பாடுகிறாய். மறுபடி இழுப்பு. நான் இரண்டு குத்தும் சலங்கையும் சேர்த்துப் போட்ட இடம் ஒவ்வொன்றிலும் அந்தச் சத்தம் இருந்தது மாப்ள. நீ கேட்டு வாங்கின இடங்கள். பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன். என் முழங்கால் உன் முழங்காலில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இதை உன் வீட்டுக்காரியிடம் எப்படிக் கொடுப்பது? நாலு சுவருக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிற மனுசி. புருசன் திணறுவதை அவள் கேட்க வேண்டுமா? மறுநாள் உன் மகள் வந்தபோது சார்ஜ் இல்லை என்றேன். அதற்கு மறுநாள் வந்தபோது நண்டுக் குழம்புப் பாட்டை அவள் போனில் ஏற்றிவிட்டேன். அதில் உன் மூச்சு நன்றாக இருக்கும். சாயங்காலமே திரும்பி வந்துவிட்டாள். "இது இல்லியாம் மாமா. கடைசியாப் பாடுனதுதான் வேணுமாம்."

"அது சரியாப் பதியல தாயி" என்றேன். உன் மகள் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பாரமாக இருந்தது.

இத்தா முடிந்தது என்று தெரிந்த அன்று டேப்லெட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். மகள் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"பதியலன்னு பொய்யி சொன்னேன் தங்கச்சி" என்றேன். "நல்லாத்தான் பதிஞ்சிருக்கு. கொட்ட எடுத்துட்டா மச்சான் மூச்சு வாங்குறது அப்படியே கேக்குது. ஒங்களுக்கு அது வேணாம்னு நெனச்சேன்."

அவள் டீக் கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அண்ணே, அது கேக்கும்னு தெரிஞ்சுதானே கேட்டு அனுப்புனேன்" என்றாள். "ரெண்டு வருசமா அந்தச் சத்தத்துலதான் கண்ண மூடுனேன். கேட்டுக்கிட்டே இருக்கும். நின்னா முழிச்சுக்குவேன். இப்பம் வீடு சும்மாக் கெடக்கு. ஒறக்கமே இல்லண்ணே. அவுக பாட்டு எனக்கு மனப்பாடம், நானே பாடிக்குவேன். மூச்சுத்தான் எங்கயும் இல்ல."

"எங்கிட்டச் சொல்லலியே தங்கச்சி."

"சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக. மாப்ளைக்குத் தெரிஞ்சா பாட விடமாட்டான், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு இழுத்துக்கிட்டு அலைவான்னு."

உண்மைதான். விட்டிருக்க மாட்டேன். உன்னை நான் அறிந்ததைவிட நீ என்னை நன்றாக அறிந்திருந்தாய்.

குமிழை அவள் காதுக்குக் கொடுத்தேன். பச்சைக் கோட்டை நிறுத்திவிட்டுப் பாட்டை ஓடவிட்டேன். அழுவாள் என்று பயந்திருந்தேன். அழவில்லை. கண்ணை மூடி, சுவரில் தலையைச் சாய்த்து, ஒவ்வொரு இழுப்புக்கும் லேசாகத் தலையை ஆட்டினாள். பிறகு சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"அண்ணே, கேட்டீகளா? பின்னால மதினி பேசுது."

எத்தனை தடவை கேட்டிருப்பேன். என் காது உன் மூச்சிலேயே நின்றுவிட்டது. அதற்கு அப்பால் போகவில்லை. குமிழை வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்றாவது வரிக்கு நீ இழுக்கிற இழுப்புக்குப் பின்னால், தூரத்தில், அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி. "செய்னம்பு, புளியக் கரைச்சிட்டியா?" அவ்வளவுதான். பிறகு பாத்திரச் சத்தம்.

கொட்டில்லாமல் அந்தப் பாட்டை உன் மகள் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் யார் என்னிடம் பேசினாலும் பேச்சுக்கு முன்னால் அவர்கள் இழுக்கிற மூச்சைத்தான் கேட்கிறேன். இதைச் சொல்லும்போது மருமகளும் ஒரு மூச்சு இழுத்து விட்டாள், கேட்டது. இது உன்னால் எனக்கு வந்த பழக்கம். இனி போகாது.

கடைசிப் பாட்டன்று என் வீட்டில் நான்கு பேர் இருந்தோம். பாடின நீ இப்போது இல்லை. அடுப்படியிலிருந்து கூப்பிட்டவளும் இல்லை. நான் போக மிச்சம் ஒரே ஒருத்திதான் மாப்ள. இத்தனை வருசத்தில் உன் வீட்டுக்காரியை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போது சொல்கிறேன். செய்னம்பு.