முக்காலில் ஈரம்

அல்-மஸீலா, ஓமான்
ரஜப் பிறை 5, ஹிஜ்ரி 1408

அன்புள்ள ஜலீலா டீச்சருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் வீட்டுக்காரர் ஹமூதும் சுகம். நீங்களும் உங்கள் தாயாரும் சுகமாயிருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். உங்கள் முகவரியை, இங்கே உங்களோடு வேலை பார்த்த ஸூடான் டீச்சரம்மாவிடம் கேட்டு வாங்கினேன். அவர்மேல் கோபப்பட வேண்டாம், நான்தான் நச்சரித்தேன்.

இரண்டு வருடம் பேசாமல் இருந்தவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். காரணம் கணக்குப் பாடம்தான். என் ரய்யா போன பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. அவளுடைய நான்காம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து நானாகப் படித்தேன். குர்ஆன் ஓதத் தெரியும், வீட்டுச் செலவு எழுதத் தெரியும், அதற்கு மேல் எனக்கு என்ன படிப்பு? ஆனாலும் பிஸ்மி சொல்லித் தொடங்கினால் ஓடிவிடுகிறது. இப்போது அஸர் தொழுகைக்குப் பிறகு பதினொரு பெண் பிள்ளைகள் என் முற்றத்துக்கு வருகிறார்கள். உங்களுக்குப் பின் வந்த டீச்சர் எல்லாப் பாடமும் நடத்துகிறார், பின்னங்களைக் கோட்டில் வைக்கும் பாடத்தை மட்டும் தாண்டிப் போகிறார். ஊர்க்காரர்கள் வேண்டாம் என்றார்களாம்.

அதனால் நான் நடத்துகிறேன். ஈச்சநார்க் கயிறு ஒன்றை மாதுளை மரத்தடியிலிருந்து அடுக்களை நிலை வரை கட்டியிருக்கிறேன். மரத்தடி சைபர், நிலை ஒன்று. போன வாரம் பக்கத்து வீட்டுத் தய்பாவைக் கால் பாகங்களுக்கு முடிச்சுப் போடச் சொன்னேன். போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"மாமி, ரெண்டு முனையும் சேத்து நாலு முடிச்சு போட்டா நாலு துண்டு வரணுமில்ல? மூணுதான் இருக்கு. ஒண்ண உங்க ஆடு தின்னுடுச்சு."

"ஆடு தின்னல, உன் அவசரம் தின்னுடுச்சு. முடிச்சை எண்ணாதடி, நடுவுல இருக்கிற இடத்தை எண்ணு."

கயிற்றை மடித்தால் அரை. அதை இன்னொரு தரம் மடித்தால் கால். மூன்றில் ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. எப்படி மடிப்பது என்று எழுதுங்கள்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். ஊரைவிட்டுப் போகும்போது என் வாசலில் நின்று ஒரு வாய் கஹ்வா குடிக்காமல் போய்விட்டீர்களே.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி
ஸுவைனா (உம்மு ரய்யா)

பி.கு: இதை எழுதலாமா என்று தெரியவில்லை. காலையில் முற்றம் கூட்டும்போது கயிற்றுக்கு அடியில், முக்கால் இருக்கும் இடத்தில் மட்டும் தரை ஈரமாக இருக்கிறது. இரண்டு சின்னப் பாதம் நிற்கிற அளவு. மழை இல்லை. குடமும் அங்கே வைப்பதில்லை. தேதி குறித்து வைக்கிறேன். இதுவரை பதினான்கு நாள்.


மஹ்தியா, துனீசியா
1988 மார்ச் 14

உம்மு ரய்யா அவர்களுக்கு,

ஸலாம். ரய்யாவின் தாய் என்ற இந்தப் பெயரால்தான் உங்களை எனக்குத் தெரியும். உறையின் மேல் உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்து மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். மூன்றில் ஒன்றுக்குக் கயிற்றைப் பாதியாக மடிக்கக் கூடாது. இரண்டு இடத்தில் வளைத்து மூன்று அடுக்காகப் பிடியுங்கள். மூன்று அடுக்கும் ஒரே நீளம் ஆகும்வரை இழுத்துச் சரி செய்யுங்கள். வளைவு இருக்கும் இடத்தில் முடிச்சு.

நான் இப்போது கற்பிப்பதில்லை. என் அண்ணன் வைத்திருக்கும் ஆலிவ் எண்ணெய்க் கடையில் சீட்டு எழுதுகிறேன். ஊர் திரும்பிய வருடம் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். பலகையில் கோடு போட்டு, இடது முனையில் சைபர் எழுதி, "கால் எங்கே?" என்று கேட்டேன். பிள்ளைகள் கை தூக்கினார்கள். கடைசி வரிசையில் கை தூக்கிய ஒரு பிள்ளைக்குத் தலைமுடி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. கிட்டே போனேன். அந்த பெஞ்சில் யாருமே இல்லை. மறுநாள் வேலையை விட்டேன். ஆகவே உங்கள் முற்றத்து ஈரத்தைப் பற்றிச் சிரிக்க எனக்கு வாய் இல்லை.

நீங்கள் எழுதியதால் கேட்கிறேன். இரண்டு வருடமாக இதே படத்தைக் காகிதத்தில் வரைந்து பார்க்கிறேன். உங்கள் ஊர் வாய்க்கால் முறை பார்க்கும் நிழல்கம்பம். அதன் நிழல் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போனால் ஒரு முறை முடிந்தது. தண்ணீரை அடுத்த கிளைக்குத் திருப்புவார்கள். நிழல் என்றும் மேற்கிலிருந்து கிழக்கே போகும். பள்ளிக்கூடப் பக்கம் நின்றால் அது இடமிருந்து வலம் போவது போலத் தெரியும். எதிரே உங்கள் வீட்டுப் பக்கம் நின்றால் வலமிருந்து இடம்.

கோடு இடப்பக்கம்தான் தொடங்கும் என்று வகுப்பில் ஐம்பது தடவை சொன்னவள் நான். அன்று நிழல் முக்கால் தூரம் கடந்திருந்தது. ரய்யா உங்கள் வீட்டுப் பக்கம் நின்று, நான் சொன்னபடி இடப்பக்கத்தைச் சைபராக எடுத்திருந்தால், கால் தூரம்தான் கடந்திருக்கிறது, தண்ணீர் வர இன்னும் முக்கால் முறை இருக்கிறது என்று நம்பியிருப்பாள். நம்பித்தான், தேங்கிய நீரில் மீன் பிடிக்க, சாலைக்கு அடியில் அடுத்த கிளையின் அந்த மூடுவாய்க்காலில் இறங்கியிருப்பாள். உங்கள் ஊரும் அப்படித்தான் சொல்லி என்னை அனுப்பியது. பள்ளிக்கூடப் பக்கம் நின்றிருந்தால், நான் சொல்லிக்கொடுத்தது அவளைத் தடுத்திருக்கும்.

அவள் எந்தப் பக்கம் நின்றாள்? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

ஜலீலா


அல்-மஸீலா
ஷஃபான் பிறை 12

அன்புள்ள ஜலீலா டீச்சருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், மூன்றில் ஒன்று வந்துவிட்டது! மூன்று பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்து, ஒருத்தி விழுந்து, ஒரே சிரிப்பு. மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று கேட்டால் எல்லாரும் நான்குதான் பெரிது என்று கூவுவார்கள். இப்போது கயிற்றோரமாக நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.

இங்கே எலுமிச்சை காய்த்துக் கொட்டுகிறது. காயவைத்திருக்கிறேன். மஸ்கட் போகும் ஆள் கிடைத்தால் உங்களுக்கு ஒரு பொட்டலம் அனுப்புவேன். உங்கள் தாயாருக்கு மூட்டுவலி என்று ஸூடான் டீச்சரம்மா சொன்னார், கருஞ்சீரக எண்ணெய் தேய்த்துப் பாருங்கள். ஷிஃபா கொடுப்பவன் அவன்.

நேற்று ஒரு காரியம் நடந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பின்னம் சொல்லி, அந்த இடத்தில் போய் நிற்கச் சொன்னேன். தய்பாவுக்கு முக்கால். அவள் அசையவில்லை.

"என்னடி, முக்கால் எங்கன்னு தெரியலையா?"

"தெரியும். அங்க ரய்யா நிக்கிறா மாமி. நான் எங்க நிக்கட்டும்?"

பயந்து சொல்லவில்லை. இடம் நிரம்பிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். மற்றப் பிள்ளைகள் சிரிக்கவுமில்லை. நான் அவளுக்கு அரையைக் கொடுத்து மாற்றிவிட்டேன். ஐம்பது நாள் ஆகிவிட்டது டீச்சர், அந்த ஈரம். ஹமூத் மண்ணைக் கொத்திப் பார்த்தார். அடியில் எலும்பாகக் காய்ந்து கிடக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு நான் என்ன சொல்ல? மறைவானதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவன். நடந்தது அவன் எழுத்து. மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் சகோதரி
ஸுவைனா


மஹ்தியா
1988 ஏப்ரல் 12

உம்மு ரய்யா அவர்களுக்கு,

எலுமிச்சை பற்றி எழுதியிருக்கிறீர்கள், எண்ணெய் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

பதில் எழுத மனம் வராமல், என் மனம் புண்படக் கூடாதென்று விட்டிருக்கிறீர்கள் போலும். அப்படியானால் அவள் உங்கள் வீட்டுப் பக்கம்தான் நின்றாள். எனக்குப் புரிகிறது. இத்தனை நாள் என்னை ஏசாமல் சகோதரி என்று எழுதுவது உங்கள் பெருந்தன்மை.

இங்கே ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மே இருபதுக்குள் பதில் சொல்ல வேண்டும். இதுதான் கடைசி வாய்ப்பு என்று அதிகாரி சொல்லிவிட்டார். முடியாது என்று எழுதப்போகிறேன். கோடு போடத் தெரியாதவள் பிள்ளைகள் முன்னால் நிற்கக் கூடாது.

உங்கள் பதினொரு பிள்ளைகளுக்கும் என் துஆ.

ஜலீலா


அல்-மஸீலா
ரமலான் பிறை 12

ஜலீலா டீச்சருக்கு,

முடியாது என்று எழுதாதீர்கள். எழுதியிருந்தால் கிழித்துப் போடச் சொல்லுங்கள். என் பிள்ளை பள்ளிக்கூடப் பக்கம்தான் நின்றாள்.

எனக்கு இது இரண்டு வருடமாகத் தெரியும். மய்யித்தை அடக்கம் செய்த நான்காம் நாள் தெரியும். தய்பா அன்று அவளோடு இருந்தாள். ஏழு வயது அவளுக்கு, ரய்யாவோடு அதே வகுப்பறையில் உட்காருபவள். துக்கம் கேட்க வந்த பெண்களுக்கு நடுவே என் மடியில் ஏறி உட்கார்ந்து, காதில் சொன்னாள்:

"பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து அங்கயேதான் நின்னோம் மாமி. நான் சொன்னேன், முக்கா ஆயிடுச்சு, டீச்சர் இடப்பக்கம்னுதானே சொன்னாங்கன்னு. 'டீச்சருக்குத் தெரியாது, எங்க உம்மாவுக்குத்தான் தெரியும், எல்லாமே வலப்பக்கந்தான் தொடங்கும்'னு சொல்லிட்டு எறங்கிட்டா."

அதைச் சொல்லிக்கொடுத்தது நான். வலது கையால் சாப்பிடு, வலது செருப்பை முதலில் போடு, வலது காலை வைத்து உள்ளே வா என்று பழக்கியவள், கோட்டை மட்டும் விடுவேனா? அவள் பள்ளியிலிருந்து வந்து இடப்பக்கம் சைபர் என்றபோது சிரித்தேன். "இது என்னடி புது மார்க்கம்? நம்ம எழுத்தே வலப்பக்கம் தொடங்குது. உங்க துனீசியாக்காரிக்கு என்ன தெரியும்?" என்றேன். கையோடு கூட்டிப்போய் நிழல்கம்பத்தையும் காட்டினேன். எங்கள் வீட்டுப் பக்கம் நின்று பார்த்தால் வலம்தான் சரியாக இருந்தது. எதிர்ப்பக்கம் போய் நான் ஒருநாளும் நின்றதில்லை. அது மஸ்ஜித் வாசல், ஆண்கள் உட்காரும் இடம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மட்டும் அந்த வழியாகப் போவார்கள்.

தய்பா சொன்னதும் அவள் வாயைப் பொத்தினேன். "இத யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா கப்ருக் குழிக்குள்ள ரய்யாவுக்கு வலிக்கும்" என்றேன். ஏழு வயதுப் பிள்ளையிடம் சொன்னேன். அப்புறம் ஊர் கூடி டீச்சர் சொல்லிக்கொடுத்த கோடுதான் பிள்ளையைக் கொன்றது என்றது. நான் முகத்திரைக்குள் அழுதுகொண்டிருந்தேன். தாயின் அழுகையைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் வாய் திறக்கவில்லை. நீங்கள் கஹ்வா குடிக்காமல் போனீர்கள் என்று எழுதினேனே, அன்று நீங்கள் என் கதவைத் தட்டினீர்கள். உள்ளே தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

உங்களுக்கு எழுதத் தொடங்கியதும் மூன்றில் ஒன்றுக்காக அல்ல. அந்த ஈரத்துக்குப் பயந்துதான்.

நோன்பு வைத்த வாயோடு மூன்றாவது ரமலானிலும் பொய் சொல்ல முடியவில்லை. ஹமூதிடம் சொன்னேன். அவர் அன்று மஸ்ஜிதிலேயே நோன்பு திறந்தார். பிறகு, "வா" என்று மட்டும் சொன்னார். ஜும்ஆ முடிந்து பெரியவர்கள் இருந்த மஜ்லிஸுக்கு அவரை முன்னால் விட்டு நானே போனேன். வாசலில் நின்று எல்லாம் சொன்னேன்.

"போன பிள்ளைக்கு இப்ப என்னத்துக்கும்மா வழக்கு?" என்றார் ஒருவர்.

"வழக்கு புள்ளைக்கு இல்ல, டீச்சருக்கு" என்றேன்.

முறை பார்க்கும் முஹன்னா எழுந்து என்னையும் ஹமூதையும் கம்பத்துக்குக் கூட்டிப்போனார். முதல் தடவையாகப் பள்ளிக்கூடப் பக்கம் நின்று பார்த்தேன். நிழல் இடமிருந்து வந்துகொண்டிருந்தது, நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே. உங்கள்மேல் குற்றமில்லை என்று பெரியவர்கள் கையெழுத்துப் போட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

தய்பாவிடம் மட்டும் பேச முடியவில்லை. தினமும் வருகிறாள். முடிச்சுப் போடுகிறாள். என் முகத்தைப் பார்க்கிறாள். நான் அடுத்த கணக்கைச் சொல்கிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. சம்மதம் என்று எழுதுங்கள்.

ஸுவைனா


மஹ்தியா
1988 அக்டோபர் 3

ஸுவைனா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் மே பதினேழாம் தேதி கிடைத்தது. மூன்று நாள் மிச்சமிருந்தது. சம்மதம் எழுதிக் கொடுத்தேன்.

இன்று நான்காம் வகுப்பில் கோட்டுப் பாடம் நடத்தினேன். முப்பத்து நான்கு பிள்ளைகள். ஒரு சிறுமி கேட்டாள், "டீச்சர், நான் இந்தப் பக்கத்துலேர்ந்து தொடங்குனா அடிப்பீங்களா?" அடிக்க மாட்டேன் என்றேன். எங்கே தொடங்குகிறாய் என்பதை முதலில் எழுதிவிடு, அப்புறம் எந்தப் பக்கமும் போ என்றேன். இதை அந்த வருடமே உங்கள் ஊரில் சொல்லியிருக்க வேண்டும். இடம் இடம் என்று ஐம்பது தடவை சொன்னேனே ஒழிய, சுற்றிப்போய் எதிரே நின்று பாருங்கள் என்று ஒரு தடவை சொல்லவில்லை. அந்தப் பங்கு என்னுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

கடைசி வரிசையை நிமிர்ந்து பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

நீங்கள் பிள்ளையை இழந்தவர். அதற்காக நான் இன்றும் அழுகிறேன். ஆனால் நான் சுமப்பது தெரிந்தே நீங்கள் என்னைச் சுமக்கவிட்டீர்கள். இதை மன்னிக்க நான் பலமுறை முயன்றேன். வரவில்லை. வராததை வந்ததாக எழுதினால் அதுவும் பொய்.

தய்பாவை உட்காரவையுங்கள். "நீ அன்று சொன்னது உண்மை, சொன்னதில் தப்பில்லை, ரய்யாவுக்கு வலிக்கவில்லை" என்று சொல்லுங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். உங்கள் வாயால், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டதாக எனக்குத் தெரிவிக்கவும் வேண்டாம்.

இனி எனக்கு எழுதாதீர்கள்.

ஜலீலா