நெடுந்தீவு விலாசத்துக்கு வந்த கடிதம்

மாதா துணை

கொழும்புத்துறை,
யாழ்ப்பாணம்.
14.07.2025

என் அன்புள்ள நிலக்சனாவின் அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் பிள்ளையும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். போனில் கதைத்தால் மூன்றாவது சொல்லில் சண்டை வருகிறது, நாலாவது சொல்லில் நீங்கள் கட் பண்ணிவிடுகிறீர்கள். கடிதத்தைக் கட் பண்ண ஏலாது. குறிகட்டுவான் படகுத் துறைக்கு ஓடும் பஸ்ஸில் வேலை செய்யும் மயில்வாகனம் அண்ணை இதைப் படகில் கொடுத்துவிடுவார். பதிலையும் அவரிடமே அனுப்புங்கோ.

அறை பரவாயில்லை. வீட்டுக்காரி பிரியவதனி அக்கா தனிய இருக்கிறா, நல்ல மனுசி. ஆனால் குழாயில் தண்ணீரைக் கண்டால் என் கை சும்மா இராது. வாளி, குடம், சோடாப் போத்தல் எல்லாம் நிரப்பி, நேற்று அவவின் கேத்தலையும் நிரப்பி வைத்துவிட்டேன். "பிள்ளை, இது நெடுந்தீவில்லை. தண்ணி எங்கையும் ஓடிப்போகாது" என்று குசினியில் நின்று சிரிக்கிறா.

வேலைதான் இன்னும் இல்லை. இரண்டு கிழமையில் ஏழு இடம் ஏறி இறங்கிவிட்டேன். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, "எவடம்?" நெடுந்தீவு என்றதும் முகம் மாறுகிறது. "காத்தடிச்சால் படகு ஓடாது, நீங்கள் வரமாட்டியள்" என்கிறார்கள். இங்கே அறை எடுத்து இருக்கிறேன் என்றாலும் நம்புகிறார்களில்லை. பொய் ஊர் சொல்லலாம்தான். என் வாயில் அது வராது.

அந்தோனியார் படத்துக்கு முன்னால் நீங்கள் சொன்னதை மறக்கவில்லைத்தானே? ஓகஸ்ட் பதினைந்து, மாதா திருநாளுக்குள் எனக்கு வேலை கிடைத்தால் நிலக்சனா பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பாள். கிடைக்காவிட்டால் நான் வாய் திறக்காமல் திரும்பி வருவேன். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

உங்கள்,
கிறிஸ்ரினா

*

நெடுந்தீவு
20.07.2025

அன்பு கிறிஸ்ரினாவுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. உம்மைப்போல் எழுத எனக்கு வராது, பிழை பிடியாதையும்.

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. கடலுக்குப் போகிற நாளிலும் வலையில் நண்டு கழட்ட ஆளில்லை. நானும் பிள்ளையும் இருந்து கழட்டி விரலெல்லாம் வெட்டு. நீர் ஒரு மணித்தியாலத்தில் முடிப்பது எங்களுக்கு மத்தியானம் ஆகிறது. பிள்ளை வைக்கிற சொதியை நாய்கூட மணந்து பார்த்துவிட்டுப் போகிறது. அவளிடம் சொல்லிப்போடாதையும்.

கரையில் மீன்வாடியில் குருசுமுத்து எல்லார் காதிலும் விழக் கேட்கிறான், "என்ன லியோன் அண்ணை, அண்ணி பட்டணத்துக்காரி ஆயிட்டாவோ?" என்று. எனக்கு வெட்கமில்லையா? ஏழு இடத்தில் இல்லாதது எட்டாவது இடத்தில் வரப்போகுதா? போதும். வெள்ளிக்கிழமைப் படகில் வாரும்.

லியோன்

*

மாதா துணை

கொழும்புத்துறை
29.07.2025

அன்புள்ள அவருக்கு,

வெள்ளிக்கிழமைப் படகில் நான் வரவில்லை என்று கண்டிருப்பீர்கள். எட்டாவது இடத்தைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

இங்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் நண்டு பதனிடும் நிலையம் நடத்துகிறது. தரம் பார்த்துப் பிரிக்கப் பெண்கள் வேண்டுமாம். விண்ணப்பத்தில் "முன் அனுபவம்" என்ற இடத்தில் வழமைபோல் "இல்லை" என்று எழுதப்போனேன். பிரியவதனி அக்கா பேனையைப் பறித்துவிட்டா. "பதினெட்டு வருசம் புருசன்ரை வலையிலை நண்டு கழட்டினது அனுபவமில்லாமல் என்னடி அது?" என்று பேச்சு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே எழுதினேன்.

ஆனால் ஒரு மடைத்தனம் செய்துவிட்டேன். விலாசம் என்ற இடத்தில் கைப்பழக்கத்தில் நெடுந்தீவு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன். அடையாள அட்டையிலும் அதுதானே கிடக்கிறது. திரும்பிப் போய்க் கேட்டேன், பதிந்தாயிற்று, மாற்ற ஏலாது என்று விட்டார்கள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் கடிதம் பதிவுத் தபாலில் உங்களிடம்தான் வரும். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். வந்த அன்றைக்கே மயில்வாகனம் அண்ணையிடம் கொடுத்துவிடுங்கோ.

குருசுமுத்துவிடம் சொல்லுங்கோ, அண்ணி பட்டணத்துக்காரிதான், ஆனால் நண்டு பிடித்தால் நெடுந்தீவுக்காரி என்று.

கிறிஸ்ரினா

*

நெடுந்தீவு
05.08.2025

அன்பு கிறிஸ்ரினாவுக்கு,

கடிதம் ஒன்றும் வரவில்லை. காற்றால் மூன்று நாள் படகு ஓடவில்லை, தபாலும் வரவில்லை. வந்தால் அனுப்பமாட்டேனா? வரவில்லை.

வாசல் படலையைத் திருத்திவிட்டேன். உமக்குப் பிடித்த பச்சைப் பெயின்ற் அடித்தேன். கிணற்றடியில் வழுக்காமல் கல் போட்டேன். நீர் வந்து பார்த்தால் சந்தோசப்படுவீர். கடிதம் வரவில்லை என்று கவலைப்படாதையும்.

லியோன்

*

நெடுந்தீவு
11.08.2025

கிறிஸ்ரினா,

கடிதம் வந்தது. இரண்டாம் தேதியே வந்தது. நான்தான் கையெழுத்து வைத்து வாங்கினேன். அந்தோனியார் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன். நேர்முகம் இன்று காலை ஒன்பது மணிக்கு. இப்போது பத்தரை.

திருநாளுக்காகப் படம் துடைத்த பிள்ளை அதைக் கண்டுவிட்டாள். என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

எனக்குப் பயம், கிறிஸ்ரினா. வெட்கம் என்று எழுதினது பொய். நீர் அங்கே பழகிவிட்டால், பிள்ளையும் வந்துவிட்டால், இந்த வீட்டில் நான் யாரோடு கதைப்பேன்? இதை வாய் திறந்து கேட்கத் தெரியாமல் களவெடுத்துவிட்டேன். என்னை ஏசிப் பேசும். பேசாமல் மட்டும் இருக்காதையும்.

லியோன்

*

மாதா துணை

கொழும்புத்துறை
14.08.2025

அன்புள்ள அவருக்கு,

எனக்குத் தெரியும். "வரவில்லை" என்று ஒரே கடிதத்தில் இத்தனை தரம் எழுதுகிற ஆள் நீங்களில்லை. கேளாமல் படலைக்குப் பெயின்ற் அடிக்கிற ஆளுமில்லை. ஏழாம் தேதி சங்கத்துக்கு நடந்தேன். கடிதம் கொடுபட்டதென்று தபாலில் திரும்பி வந்த துண்டை எடுத்துக் காட்டினார்கள். கீழே கோணலாக லியோன். பதினெட்டு வருசம் பார்த்த கையெழுத்து. வாசல் படியில் இருந்து அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு உள்ளே போய், நேர்முகம் என்றைக்கு என்று கேட்டு எழுதி வந்தேன்.

திங்கட்கிழமை கடிதமில்லாமல் அடையாள அட்டையோடு போய் நின்றேன். மேசையில் ஆறு நண்டு. எது முதல் தரம் என்று கேட்டார்கள். ஒவ்வொன்றாகத் தூக்கி, அடிவயிற்றை அமத்திப் பார்த்தேன். "ஐயா, பறுவ நிலவு கழிஞ்சு மூண்டு நாள்தான். நிலவு நண்டு, ஆறிலை அஞ்சுக்குள்ளை தண்ணிதான் கிடக்கு. சதை இருக்கிறது இந்த ஒண்டிலைதான்" என்றேன். சங்கத்துப் பெரியவர் அதை உடைப்பித்துப் பார்த்தார். மற்றதுகளையும் உடைப்பித்தார். பிறகு "எவடம் பிள்ளை?" என்றார். நெடுந்தீவு என்றேன். "அதுதானே" என்றார். நேற்று வேலை தொடங்கிவிட்டேன். நீங்கள் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முந்தி.

கோபமில்லை என்று எழுதினால் அது பொய். நல்ல கோபம் இருக்கிறது, கனநாளைக்கும் இருக்கும். நீங்களாகச் சொல்லுகிறீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் விட்டிருந்தால் இந்தக் கடிதம் பிள்ளைக்கு மட்டும் வந்திருக்கும். பயம் என்றதை முதலே சொல்லியிருக்கலாம். எனக்கும் இங்கே பயந்தான். அறையில் தனியத் தேத்தண்ணி குடிக்கிறபோது உங்கள் இருமலைத் தேடுகிறேன். ஆனாலும் வரமாட்டேன்.

பிரியவதனி அக்கா விதானையாரிடம் கூட்டிப்போய், நான் இங்கேதான் குடியிருக்கிறேன் என்று வதிவுக் கடிதம் எடுத்துத் தந்தா. நிலக்சனாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் சொல்லியாயிற்று. வருகிற திங்கட்கிழமை முதல் படகில் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கோ. பிறகு ஒவ்வொரு சனியும் பின்னேரப் படகில் நானும் அவளும் வீட்டுக்கு வருவோம். காற்றடித்தால் நீங்கள் இங்கே வருவீர்கள், நீங்கள் இருக்கக் கதிரை ஒன்று கூடுதலாகக் கிடக்கிறது.

அந்தோனியாருக்குப் பின்னால் இருந்த கடிதத்தையும் மறக்காமல் கொண்டுவாருங்கோ. கோப்பில் போட வேண்டுமாம். ஏன் பிந்தியது என்று பெரியவர் கேட்டார். கொண்டுவருகிறவரே சொல்லுவார் என்று சொல்லிவிட்டேன்.

கிறிஸ்ரினா