ஒன்று இல்லாத பகடை

14.11.96, வியாழன்

காலையிலிருந்து தூறல். கல்லூரியில் கணிதத் துறைக் கணினி இன்று என் முறை. நிகழ்தகவுப் பாடத்துக்கு ஆறு பகடை முகங்கள் வேண்டும். லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் படத்தையும் வரி வரியாக எழுதித்தான் வரைய வேண்டும்: சதுரம் இவ்வளவு, புள்ளி இந்த இடத்தில்.

பக்கத்து மேசை நாகராஜன்: "என்ன மேடம், சூதாட்டமா நடக்கு?"

"பாடம்."

"எங்க பெரியப்பாவும் வீட்ல அப்படித்தான் சொல்லிட்டுப் போவாரு."

வாங்க: அம்மாவுக்கு மூட்டுத் தைலம். உடன்குடிக் கருப்பட்டி அரைக் கிலோ. ஞாயிறு தம்பி சங்கரனின் திதி. குடையைத் துறையிலேயே விட்டுவிட்டேன்.

15.11.96, வெள்ளி

மழை. அச்சு எடுத்தேன். கடைசிச் சதுரத்தில் ஆறு புள்ளி. முதல் சதுரத்திலும் ஆறு. ஒன்று இல்லை.

தாளைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு நிரலைப் பார்த்தேன். ஆறின் வரிகளை நகலெடுத்து ஒன்றின் இடத்தில் வைத்தவள், புள்ளிகளைக் குறைக்க மறந்திருக்கிறேன். அவ்வளவுதான். ஆவி எதுவும் வந்து எழுதவில்லை. திருத்தினேன். பிழைத் தாளை மட்டும் கிழிக்க முடியவில்லை.

பதினோரு வயதில் ஒரு பகடை செய்தேன். பூவரசங்கட்டை, மைப்புள்ளிகள். ஒன்று இருக்க வேண்டிய பக்கத்திலும் ஆறு. வேண்டுமென்றே.

அம்மா படித்துறையில் மறந்துவிட்டு வந்த செம்பை யார் போய் எடுப்பது? ஒன்று விழுந்தால் நான், ஆறு விழுந்தால் சங்கரன். இரண்டில் ஒன்று விழும்வரை உருட்டல். அவனுக்கு எட்டு வயது. திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்குச் சோம்பல், வேறொன்றுமில்லை. இங்கே நல்ல வெயில். பாபநாசத்துக்கு மேலே மலையில் பெய்த மழை ஆற்றில் வந்துகொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

முப்பத்தேழு வருடம். எழுதுவதே இப்போதுதான்.

16.11.96, சனி

மழை வெறித்திருந்தது. பேருந்து ஆற்றுப் பாலத்தில் நின்றுவிட்டது. தண்ணீர் செம்மண் நிறம். பின்சீட்டில் யாரோ: "ஏலே, வெளிய தலைய நீட்டாத." நான் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா நாளைக்கு அரிசி ஊறப்போட்டாள். நாளை அதே வாக்கியம் வரும். வருடா வருடம் வருவது. நானும் வருடா வருடம் பேசாமல் இருப்பது.

17.11.96, ஞாயிறு

சங்கரன் படத்துக்கு முன் அம்மா கருப்பட்டிப் பணியாரம் வைத்தாள். சொன்னாள்: "அந்தச் செம்ப நான் விடாம வந்திருந்தா..."

பிழைத் தாளை அவள் முன்னால் வைத்தேன். "செம்பு இல்லம்மா. பகடையில ஒண்ணே கிடையாது. நான்தான் அப்படிச் செஞ்சேன்."

அவள் தாளைப் பார்க்கவில்லை. பைய எழுந்து போய்க் குங்குமப் பெட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே பூவரசங்கட்டை. மை மங்கிவிட்டது. இரண்டு பக்கம் ஆறு.

"அன்னைக்குச் சாயங்காலமே எடுத்து வச்சுட்டேன்ட்டி. உங்க அப்பா கண்ணுல பட்டா உன்னைய என்ன செஞ்சிருப்பாரோ."

"பின்ன ஏம்மா வருசா வருசம் செம்பு, செம்புன்னு?"

"யாராவது ஒருத்தர் தன்னாலதான்னு சொல்லிக்கிட்டே இருக்கணும்லா. இல்லன்னா நீ சொல்லியிருப்ப."

மழை மறுபடி. குடை இன்னும் துறையில்.