ஓக் மரங்களுக்கு நடுவே வைத்த தீ

பிராண்டே, டென்மார்க்
22.06.1986

அன்பு மகன் நீக்கிலாஸுக்கு,

தேவமாதாவின் துணையோடு நானும் அப்பாவும் இங்கே சுகம், ரொறன்ரோவில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேலைக்குப் போய் வருவாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இந்த வயதில் காட்டு வேலை வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். நான் விடப்போவதில்லை மகன், ஏன் என்று ஆறுதலாக வாசி.

ஊருக்கு வெளியே பழைய ஓக் மரங்கள் நிற்கும் வெளி ஒன்று இருக்கிறது. கட்டையான கோணல் மரங்கள், தள்ளித் தள்ளி நிற்கும், இடையில் புல்லும், ஹீதர் என்று இங்கே சொல்லும் குட்டைப் பற்றையும். பிறகு யாரோ பலகைக்கென்று ஊசியிலை மரங்களை நெருக்கி நட்டதில் ஓக்குகள் வெயில் படாமல் செத்துக்கொண்டு வந்தன. அந்த ஊசியிலை காய்ந்தால் மண்ணெண்ணெய் ஊற்றியது போலப் பற்றும். அவற்றை வெட்டி அகற்றுவதுதான் எங்கள் வேலை, ஆண்கள் வெட்ட நான் கொப்புகளை இழுத்துக் குவிப்பேன். பங்குனியில் நிலம் ஈரமாக இருக்கும்போது முற்றிய ஹீதரைத் துண்டு துண்டாக நாங்களே எரிப்போம், கோடையில் தீ வந்தால் அதற்குத் தின்ன ஒன்றும் இருக்கக் கூடாது.

மன்னாரில் எங்கள் வீடு எரிந்தது மேற்பார்வையாளர் யென்ஸுக்குத் தெரியும், அதனால் எரிக்கிற அன்று வரவேண்டாம் என்றார். அப்பாவும், உனக்கென்ன விசரே, அந்தப் புகையைத் திரும்பவும் பாக்கப் போறியே என்று பேசினார். அண்டைக்கு வெறுங்கையோடை நிண்டனான், இண்டைக்கு நெருப்பை அடிச்சு நூர்க்கிறதுக்கு மட்டை இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன்.

முதல் புகை எழுந்ததும் மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு காற்றுத் திரும்பி, தீயின் ஒரு நாக்கு, நாங்கள் தண்ணீர் ஊற்றி நனைத்து வைத்திருந்த கோட்டைத் தாண்டிப் பெரிய ஓக்கை நோக்கி ஓடியது. பக்கத்தில் நான் மட்டுமே. நீண்ட பிடியில் ரப்பர் தைத்த அந்த மட்டையால் அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன், முன்மயிர் கருகிவிட்டது. யென்ஸ் ஓடி வந்து சேர்ந்துகொள்ள, இரண்டு பேருமாக அணைத்தோம். அவர் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

போன மாதம் தெருவோரப் புல்லில் தீப்பிடித்தது. பக்கத்து ஊசியிலைக் காட்டில் மரத்துக்கு மரம் உச்சியில் தாவி வந்தது. எங்கள் வெளியின் அந்தப் பக்கம்தான் ஞானேஸ்வரியின் வீடு, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, குழந்தை பிறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை, பையைக் கட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். வெளிக்கு வந்த தீ தாவ மரமில்லாமல் தரைக்கு இறங்கியது, புல்லில் ஊர்ந்தது, நாங்கள் எரித்த துண்டில் முட்டி நின்றது. தீயணைப்புக்காரர் அங்கேயே வைத்து அதை முடித்தார்கள். ஞானேஸ்வரி குழந்தையைத் தொட்டிலில் திரும்பக் கிடத்தினாள்.

அன்று மாலையில் அப்பா என்னோடு வந்து தீ நின்ற அந்தக் கரிக்கோட்டில் நெடுநேரம் நடந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, வாற பங்குனிக்கு ஆள் எடுப்பினமோ என்று கேட்டார். இப்போது சனிக்கிழமைகளில் என்னோடு கொப்பு இழுக்கிறார், முதுகு நோகிறது என்கிறார், ஆனாலும் வருகிறார்.

பூசைக்குத் தவறாதே, இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. கால் அளவை மறக்காமல் எழுது, இங்கே காட்டு வேலைக்குப் போடும் சப்பாத்து பனிக்கு நல்லது, ஒரு சோடி அனுப்புகிறேன். ஆண்டவர் உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும்.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும் அம்மா,
மரியநாயகி