முதல் குரூப்புக்காக விரித்த கொங்காணி

என்னோடு சண்டை போடுவதற்கென்றே மலையடிவாரப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியராக வந்த பாதிரியார் சாமிக்கு,

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் ராசாத்தி எழுதுகிறாள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு போடுகிற உங்கள் நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நல்லதாகத்தான் சொல்லப்போகிறேன். அவர்களுக்கு நல்லதாகப் படுமா என்பது வேறு விஷயம்.

பதினொன்றோடு முடிந்த பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு புதிதாக வந்த வருஷம் அது. என் மகன் பாண்டி உங்கள் விடுதியில் தங்கிப் பத்து முடித்திருந்தான். யாருக்கு எந்தப் படிப்பு என்று பிரிப்பதற்காக அப்பன்மாரை எல்லாம் வரச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு முன்னால், கீழே சிலமலை ஊர்க்காரர் ஒருவர் நின்றார். வெள்ளை வேட்டி, கையில் பையனின் தோள்.

"என்ன தொழில்?" என்று கேட்டீர்கள்.

"விவசாயம் சாமி. தோப்பு, வயக்காடு எல்லாம் இருக்கு."

"சரி, பையன் முதல் குரூப்பு. கணக்கு, பௌதிகம், ரசாயனம்."

அடுத்து நான். ஏலக்காட்டில் கூலி என்றேன். பாண்டியின் மார்க்கைப் பார்த்தீர்கள். சிலமலைப் பையனைவிடக் கணக்கில் கூடுதல் என்று நீங்களே சொன்னீர்கள். சொல்லிவிட்டு, "இவன் விவசாயப் பிரிவு" என்றீர்கள்.

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. விவசாயம் பார்க்கிறவர் மகனுக்குக் கணக்கு, ஒரு குழி நிலம் இல்லாதவன் மகனுக்கு விவசாயமா?

"உம்ம நல்லதுக்குத்தாம்ப்பா சொல்றேன்," என்றீர்கள். "முதல் குரூப்பு கஷ்டம். வீட்டுல சொல்லிக் குடுக்க ஆள் கிடையாது. இதைப் படிச்சா எஸ்டேட்டுல சூப்பர்வைசர் வேலையாவது கிடைக்கும்."

"எஸ்டேட்டுக்குப் போறதுக்குப் படிப்பு எதுக்கு சாமி? நான் படிக்காமலே போயிட்டேனே."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டீர்கள்.

மலையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஆள் பிரிக்கும்போது கங்காணி ஒருவனை ஆகாத இடத்துக்குத் தள்ளினால், அவன் எதிர்த்துப் பேசமாட்டான். மழைக்குத் தலையில் போட்டிருக்கும் சாக்குக் கொங்காணியைத் தரையில் விரித்து உட்கார்ந்துவிடுவான். கங்காணி வந்து இடத்தை மாற்றும்வரை எழுந்திருக்க மாட்டான். விரித்த கொங்காணியை மிதித்துக்கொண்டு யாரும் போகமாட்டார்கள்.

அதைத்தான் உங்கள் வேப்பமரத்தடியில் விரித்தேன். பாண்டி கூசிப்போனான். "அப்பு, எந்திரிங்க. எல்லாரும் பாக்கிறாக," என்றான். "பாக்கட்டும்டா. பாக்கத்தான் உக்காந்திருக்கேன்," என்றேன்.

நீங்கள் சமவெளிக்காரர். உங்களுக்கு எங்கள் வழக்கம் எங்கே தெரியும்? மத்தியானம் சமையல்காரரிடம் ஒரு தட்டுச் சோறு கொடுத்துவிட்டீர்கள்! பசித்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டீர்கள். நான் தட்டைத் திருப்பி அனுப்பினேன். சாயங்காலம் நீங்களே வந்தீர்கள்.

"சோறு வேண்டாம்னா வேற என்னதான்யா வேணும்?"

"சோறு எங்க வீட்டுல இருக்கு சாமி. இங்க இருக்கிறதைக் குடுங்க."

முதல் குரூப்பிலேயே சேர்க்கிறேன் என்று இறங்கி வந்தீர்கள். பிறகு ஒரு நிபந்தனை போட்டீர்கள். அரைப் பரீட்சையில் ஒரு பாடம் போனாலும் விவசாயத்துக்கு மாற்றிவிடுவேன், ஏலக்காய் எடுப்புக்கு என்று ஒரு நாள்கூட அவனை மேலே கூப்பிடக் கூடாது என்றீர்கள். சரி என்று கொங்காணியை மடித்தேன்.

அரைப் பரீட்சையில் பௌதிகம் போய்விட்டது. அப்பனைக் கூட்டி வரச் சொன்னதாகத் தகவல் வந்தது. முதல் ஜீப்பில் இறங்கினேன், கொங்காணியோடு. உங்களைப் பார்க்காமல் நேரே மரத்தடிக்குப் போய் விரித்தேன். நீங்கள் வராந்தாவிலிருந்து கத்தினீர்கள்.

"யோவ், அதை மடிய்யா! மாத்துறதுக்கா கூப்பிட்டேன்? செபம் முடிஞ்சதும் நானே அவனுக்குப் பாடம் நடத்தப் போறேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இனிமே அவன் உம்ம மகன் மட்டுமில்ல, என் மகனுந்தான்."

"ஒரு மகனுக்கு ரெண்டு அப்பன்னா நாம அண்ணன் தம்பி ஆச்சே சாமி. பங்காளி!"

"சரி, பங்காளி. எந்திரி."

"எந்திரிக்க மாட்டேன். இவன் ஒருத்தன் மட்டுமா மலையில இருந்து வந்திருக்கான்? விடுதியில இருக்கிற எங்க பிள்ளைக எல்லாத்தையும் உக்கார வைங்க."

"பங்காளின்னு சொன்ன வாய் மூடல, அதுக்குள்ள பங்கு கேக்குறியா!" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். ஆனால் அன்று சாயங்காலமே எல்லோரையும் உட்கார வைத்தீர்கள்.

பாண்டி கடைசிப் பரீட்சை முடித்து, முடிவு வந்த அன்று மலையில் அடைமழை. வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலில் அட்டை கடித்து ரத்தம் வழிய, கூலிக்காரர் லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். என் சம்சாரம் உப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "அட்டை கிடக்கட்டும் தாயி. பங்காளி, நாம ஜெயிச்சிட்டோம்!" என்றீர்கள். அவன் பரீட்சையில் ஜெயித்தான். நான் உங்களிடம் ஜெயித்தேன். நீங்கள் யாரிடம் ஜெயித்தீர்கள், சாமி? அன்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

பாண்டி பெரிய இன்ஜினியர் ஆகிவிடவில்லை. பாலிடெக்னிக் முடித்துக் கரண்டு ஆபீசில் இருக்கிறான். "இதுக்கா மரத்தடியில உக்காந்தீரு?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கு இல்லை. அவன் தோற்றிருந்தாலும் நான் உட்கார்ந்தது சரிதான். சிலமலைக்காரர் மகனுக்குத் தோற்றுப் பார்க்க ஒரு இடம் இருந்ததே, என் மகனுக்கு மட்டும் ஏன் கூடாது?

இப்போது ஒரு சேதி. புதுத் தலைமையாசிரியர் சின்ன வயதுக்காரர், கெட்டவர் இல்லை. வருகிற ஜூனிலிருந்து முதல் குரூப்பு இங்கிலீசில் மட்டும்தானாம். தமிழில் படித்துவிட்டு வருகிற எங்கள் மலைப் பிள்ளைகளுக்கு விவசாயம், தையல் என்று ஒதுக்கியிருக்கிறார். போய்க் கேட்டேன். "அவங்க நல்லதுக்குத்தான் பெரியவரே," என்றார். உங்கள் குரலையே கேட்ட மாதிரி இருந்தது. உங்கள் நாற்காலி அப்படித்தான் பேச வைக்குமோ?

இதை மலரில் போடுவார்களோ மாட்டார்களோ. போடாவிட்டால் ராசாத்தியே படி எடுத்து லயம் லயமாக வாசித்துக் காட்டுவாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று முதல் ஜீப்பில் இறங்குவேன், சாமி. முட்டி வலிக்கிறது, கண்ணும் சரியில்லை. கொங்காணி நன்றாகத்தான் இருக்கிறது. அதே வேப்பமரத்தடியில் விரிப்பேன். மத்தியானம் அவர்கள் சோறு கொடுத்துவிட்டால் இந்த முறை திருப்பி அனுப்ப மாட்டேன். பங்காளி வீட்டுச் சோறு, அதில் கூச்சம் என்ன? வயிறாரச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
பாண்டிக்கு இன்னொரு அப்பனான உங்களுக்குப் பங்காளி,
ஏலக்காட்டு வீரணன் (கைநாட்டு)