குளத்துப் பாலத்தில் இரண்டு வண்டிகள்

அன்புள்ள ஃபியூஸுக்கு,

பட்டறை எழுதிக்கொள்வது. நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அதற்கு எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீயே சொல். இங்கே நான் இருக்கிறேன். வீட்டில் என் மனைவி சுகம். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் பேனாவைக் கீழே வைக்கிறேனா என்று காவல் காத்துக்கொண்டிருக்கிறாள். எதற்கு இந்தக் காவல் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் முக்கியமானது. வருகிற பதினெட்டாம் தேதி வீட்டை விற்றுக் கையெழுத்துப் போடப் போவதாக எழுதியிருந்தாயே, போடாதே. அதற்கடுத்த வாரம் மறதிக்காரர்களை வைத்துப் பார்க்கும் அந்த விடுதியில் சேரப் போவதாகச் சொன்னாயே, சேராதே. இன்று ஒன்பதாம் தேதி. கடிதம் உன் கைக்கு வர நான்கு நாள் ஆகும். மீதி ஐந்து நாள் இருக்கிறது. வேறு எதையும் படிக்காமல் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, இந்த இரண்டையும் மட்டும் செய்யாதே.

உன் கடிதம் போன வாரம் வந்தது. வாசலில் நின்றபடியே படித்தேன். மகள் வீட்டில் கெட்டிலைத் தொடுவதற்குக்கூட அவளிடம் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறாய் என்று எழுதியிருக்கிறாய். தெருமுனைக்குப் போனால் திரும்பி வர வழி தெரியாமல் போய்விடுமோ என்று பயந்து நான்கு மாதமாக வெளியே இறங்கவே இல்லையாம். முப்பது வருஷம் மின்கம்பத்தில் ஏறி, இருட்டில் தொட்டே எந்த ஒயர் எது என்று சொன்னவன் நீ. ஒரு நாள் ஒரு ஃபியூஸைக் கழற்றிவிட்டு மாட்ட மறந்தது கிடையாது. பேர் மட்டும்தான் உனக்கு ஃபியூஸ், போனது நானடா.

உன் தோட்டத்தில் நாம் சேர்ந்து போட்ட பொம்மை ரயிலை நானே கழற்றி எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். "உன் கை பட்டா தண்டவாளம் வளையாது, அதனால நீயே கழட்டு" என்ற அந்த வரியைப் படித்த பிறகு கழற்ற மனசே வரவில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். நம் ரயில் கூட்டாளி பல் டாக்டரும் நான்கு அட்டைப் பெட்டியோடு வந்திருந்தார். எட்டு மாதமாக ஆள் நடமாட்டம் இல்லாத தோட்டம் எப்படி இருக்கும்? சலித்துப் போட்ட பொடிக்கல்லின் மேலே புல் ஏறிவிட்டது. இலைச் சருகு மூடி, எது பாதை எது பாத்தி என்று தெரியவில்லை. தடம் மாற்றும் இடத்தில் நத்தைகள் குடியிருக்கின்றன. டாக்டர் செய்த பொம்மைப் பயணிகள் மட்டும் மேடையில் அப்படியே நிற்கிறார்கள். மழையில் சட்டை வெளுத்துவிட்டது, மூக்கு உதிர்ந்துவிட்டது, பல் மட்டும் ஒவ்வொருவருக்கும் முத்து முத்தாக இருக்கிறது. தொழில் புத்தி எங்கே போகும்!

முதல் திருகாணியில் ஸ்பேனரை வைத்தேன். வெயிலில் இரும்பு நீளும் என்று, இணைப்புக்கு இணைப்பு ஒரு தபால் அட்டை கனத்துக்கு நீ இடைவெளி விட்டிருந்தாய். பதினோரு வருஷத்துக்கு முன்னால், "வீட்டுத் தோட்டத்துக்கு இவ்வளவு எதுக்குடா" என்று நான் கேலி செய்ததும், நீ பாட்டுக்கு அட்டையைச் செருகிச் செருகிப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. அந்த மாதிரி ஞாபகமெல்லாம் எனக்குக் கல்லில் செதுக்கியது போல் இருக்கிறது. நேற்று நடந்ததுதான் நிற்பதில்லை. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, அங்கேயே பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது உனக்குச் சொல்கிறேன்.

உன் மகளும் இதைப் படிக்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து விளக்கமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள். மகளே, உங்கள் தோட்டத்தில் குளத்துக்கு மேலே போகிற பாலம் ஒற்றைப் பாதை. இந்தப் பக்கம் கொல்லைக்கதவுக்கு அருகில் உன் அப்பாவின் ஸ்டேஷன். அந்தப் பக்கம் பாறைக்குப் பின்னால் என்னுடையது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் உன் அப்பா ஒரு விதி வைத்திருந்தார். குளத்தோரத்துக் கம்பத்தில் ஒரு ஆணி. அதில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு மரத்துண்டு. அதுதான் டோக்கன். பாலத்தில் வண்டி விடுகிறவன் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி அக்கரை சேர்ந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். அது கையில் இல்லாதவன் பெற்ற அப்பனாக இருந்தாலும் நிற்க வேண்டும். பதினோரு வருஷத்தில் இந்த விதியை உன் அப்பா ஒருமுறைகூட மீறியது கிடையாது. அன்றும் தானாக மீறவில்லை. நான்தான் மீற வைத்தேன்.

வருஷத்துக்கு ஒருமுறை தெருவில் உள்ளவர்களுக்கெல்லாம் தோட்டத்தைத் திறந்துவிடுவோமே, அந்த நாள். என் பேட்டரி வண்டி பாலத்தைத் தாண்டி என் ஸ்டேஷனுக்கு வந்து நின்றது. டோக்கனை நான் ஆணியில் மாட்டியிருக்க வேண்டும். யாரோ ஒரு அம்மா சக்கரத்தைப் பற்றி ஏதோ கேட்டார். பதில் சொல்லிக்கொண்டே அதைச் சட்டைப் பையில் போட்டேன். அவ்வளவுதான், போட்டது மனசிலிருந்தே போய்விட்டது.

ஃபியூஸ், நீ உன் நீராவி எஞ்சினை மூட்டி வைத்திருந்தாய். ஒருமுறை விட்டால் தானாக ஓடும் வண்டி, இடையில் நிறுத்த முடியாது. அதனால் ஆணியைப் பார்க்க நீயே நடந்து வந்தாய். ஆணி காலி. "டோக்கன் எங்கடா?" என்று பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாய். "நீதானேடா இப்ப எடுத்தே, பையில பாரு" என்று நான் கத்தினேன். சந்தேகமே இல்லாமல், அடித்துச் சொன்னேன். நீ பையைத் தடவிப் பார்த்திருப்பாய். "எடுத்தேனா? எங்கயோ வச்சிட்டேன் போல" என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. உன் கண் சொன்னதை விட்டுவிட்டு என் வாய் சொன்னதை நம்பினாய். வண்டியை விட்டாய்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கண்ணாடி துடைக்கத் துணி எடுக்கலாம் என்று பைக்குள் கையை விட்டேன். டோக்கன் தட்டுப்பட்டது. டோக்கன் கையில் இருந்தால் வண்டி விடலாம், பதினோரு வருஷப் பழக்கம். தலை ஒன்றுமே யோசிக்கவில்லை. கை பாட்டுக்கு என் வண்டியை அனுப்பிவிட்டு, டோக்கனைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டது.

மீதி உனக்குத் தெரியும். பாலத்தின் நடுவில் இரண்டும் மோதின. உன் எஞ்சின் சாய்ந்து, எரிகிற ஸ்பிரிட் கொட்டி, கரையில் குந்தியிருந்த உன் பேத்தியின் பாவாடை ஓரத்தில் தீப்பிடித்தது. நீ ஓடி வந்து இரண்டு கையாலும் அமுக்கி அணைத்தாய். குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. உன் உள்ளங்கைகள் தோல் உரிந்து போயின. உன் மகள் என்னைப் பார்த்து, "மாமா, அப்பா டோக்கன் எடுத்தாரா இல்லையா?" என்று கேட்டாள். "எடுத்தாரும்மா. பாவம், மறந்துட்டார்" என்றேன். சத்தியமாக அப்போது நான் அப்படித்தான் நம்பினேன், டோக்கன் என் பையில் இருந்தது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

அன்று சாயங்காலம் சட்டையைத் துவைக்கப் போட்டபோது இவள் அந்தச் சிவப்புக் கட்டையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நான் அதை ஆணி டப்பாவின் அடியில் போட்டு மூடினேன். காலையில் உன்னிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். காலையில் நீ வந்துவிட்டாய். இரண்டு கையிலும் கட்டோடு என் வாசலில் நின்றாய். "என்னை மன்னிச்சிருடா, என் தப்புதான், புத்தி தடுமாறுது" என்றாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் தோளைத் தட்டி, "விடுடா, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன். உன்னால் கப்பைப் பிடிக்க முடியாது என்று டீயை நானே உனக்குப் புகட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் என்பார்கள். நான் ஒரு மனிதனையே மறைத்தேன்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் கை வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து உன் மகள் எனக்குப் போன் செய்தாள். அழுதுகொண்டே பேசினாள். அப்பா இதற்கு முன்னாலும் எதையாவது மறந்திருக்கிறாரா, நீங்கள்தான் தினமும் பார்ப்பவர், மறைக்காமல் சொல்லுங்கள் மாமா என்றாள். ஆமாம்மா, கொஞ்ச நாளாகவே அப்படித்தான் என்றேன். தோட்டத்துக் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போய்விடுகிறார் என்றேன். கேட்டைத் தாழ் போடுவதில்லை, சொன்னதையே திரும்பச் சொல்கிறார், ஒரே ஆணியை இரண்டு தரம் வாங்கி வருகிறார் என்றேன். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள், உன்னைச் சோதிக்கும் டாக்டரிடம் காட்ட.

அடேய், அதெல்லாம் நான் செய்தவை. குழாயைத் திறந்து விட்டவன் நான். தாழ் போடாதவன் நான். எனக்கு நடப்பது தெரிந்து, யாருக்கும் தெரியக்கூடாது என்று ஒரு வருஷமாகப் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். உன் பெயரில் சொல்லி முடித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதைக் கேட்டிருக்கிறேன். பழியைக் கையில் பிடித்துக் கொண்டுபோய் இன்னொருத்தன் வீட்டில் விட்டுவிட்டு வந்தவன் நான்தான்.

போன மாதம் என் பட்டறைக்குப் போகும் வழியில் எந்தத் திருப்பம் என்று தெரியாமல் நின்றுவிட்டேன். இருபத்தெட்டு வருஷம் நடந்த வழி. இவள் மூளை டாக்டரிடம் அழைத்துப் போனாள். சோதித்தார்கள், படம் எடுத்தார்கள், பேர் சொன்னார்கள். அந்தப் பேர் உனக்கு வேண்டாம். உனக்கு அது இல்லை, அது போதும்.

உனக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். பயத்தால் சொல்லாமல் விட்டேனா, எதற்குக் கூப்பிட்டேன் என்பதே மறந்துவிட்டதா, எனக்கே தெரியவில்லை. கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன் என்று இவளிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். நேற்று மேசை இழுப்பறையில் நான்கு கடிதங்கள் கிடைத்தன. நான்கும் "அன்புள்ள ஃபியூஸுக்கு" என்று தொடங்கி, உன் மகள் போன் செய்த இடத்தில் நிற்கின்றன. அதனால்தான் இந்தக் காவல். முடித்ததும் இவளே கொண்டுபோய்த் தபாலில் சேர்ப்பாள். டோக்கனையும் உறைக்குள் வைக்கிறாள், உன் மகளுக்கு அத்தாட்சியாக இருக்கட்டும் என்று. "அண்ணன் எங்களை மன்னிக்க வேண்டாம், வந்தா மட்டும் போதும்னு எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்.

பல் டாக்டர் அன்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேடையில் இருந்த ஒரு பயணியின் மேல் ஒட்டிய சருகை எடுத்துப் போட்டார். பிறகு, "ஊர் வாயெல்லாம் திறக்க வைக்கிறேன். உங்க வாய் திறக்க எட்டு மாசமாய்யா?" என்றார். நான்கு பெட்டிகளையும் காலியாகவே எடுத்துக்கொண்டு போனார். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் பதினான்காம் தேதி காரில் வந்து உன்னை அழைத்து வருவதாக உனக்குச் சொல்லச் சொன்னார்.

மகளே, நீ எழுதிய அந்தப் பட்டியலை எடுத்து, மேலே உன் அப்பா பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதிக்கொள். அவரை வேறு ஒரு டாக்டரிடம், அந்தப் பட்டியல் இல்லாமல், புதிதாகக் காட்டு. எட்டு மாதமாக எல்லோரும் மறதிக்காரன் என்று சொன்னால் யாருக்குத்தான் தடுமாறாது? என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. அவரை அந்தப் பூட்டுப்போட்ட கதவுக்குள் அனுப்பாதே.

ஃபியூஸ், நாளைக் காலையில் எழுந்து, கெட்டிலை யாரையும் கேட்காமல் நீயே போடு. தெருமுனை வரை போ. திரும்பி வந்துவிடுவாய். நீ நன்றாக இருக்க வேண்டும், நன்றாகத்தான் இருக்கிறாய். சீக்கிரம் வா. தாமதமாக வந்தால், மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் இங்கே இருக்க மாட்டான், என் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ உட்கார்ந்திருப்பான்.

இன்னும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ வந்து என் எதிரில் உட்காரும் நாளில், அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை, நீதான் எடுத்தாய், நீதான் மறந்தாய் என்று நான் மறுபடியும் அடித்துச் சொன்னாலும் சொல்வேன். அப்போது, கையெடுத்துக் கும்பிடுகிறேன், என்னை நம்பிவிடாதே.

என்றும் உன்,
பட்டறை