வாலுக்குப் பின்னால் நிற்காத எஞ்சினியர்

என் ராசன் மச்சானுக்கு,

உன் விமானத்தை விழுத்தியவர் பறப்புக் கழகத்தின் தலைவர். பழியை எழுதி வைத்திருப்பது உன் பெயரில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வயதுமில்லை, பொறுமையுமில்லை. நீ இதைப் படிக்கமாட்டாய் என்பது தெரியும். ஊரார் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் ஆண்டு நினைவுக்கு, நீ கட்டிய, ரிமோட்டில் பறக்கும் இரட்டைச் சிறகு மாதிரி விமானத்தை அரியாலைத் தரவை வெளியில் பறக்கவிட வேண்டும் என்று கழகத்தார் வந்து கேட்டார்கள். நீ இருக்கும்வரை உன்னைப் படகு எஞ்சின் திருத்துகிற ஆள் என்று மட்டும் அறிந்திருந்தவர்கள், நீ போனதும் உன்னை 'முன்னோடி' ஆக்கியிருந்தார்கள். என் தங்கைக்கு, அதுதான் உன் மனைவிக்கு, அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. விமானத்தைத் துடைத்துக் கொடுத்தாள். நானும் மறிக்கவில்லை.

தலைவரை உனக்குத் தெரியும். வெளிநாட்டில் படித்த எஞ்சினியர். பெயரைவிடப் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் நீளம். உன் பழைய ரிமோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், செத்த எலியைத் தூக்குவதுபோல. "உது அந்தக் காலத்துச் சாமான் ஐயா. என்னட்டைப் புதுசு இருக்கு. திரையிலை எல்லாம் காட்டும்" என்றார். புது ரிமோட்டோடு பழைய ரிசீவர் கதைக்காது என்று, விமானத்துக்குள் இருந்த அந்தச் சின்னப் பெட்டியையும் கழற்றிப் புதியதை வைத்தார். மடல்களையும் வாலையும் அசைக்கும் சின்ன மோட்டர்களின், அதுதான் சேர்வோக்களின், வயர்களை ஒவ்வொன்றாக அந்தந்தச் சனல் துளையில் செருகினார். அதில் பிழை சொல்லமாட்டேன். செருகத் தெரிகிறது அவருக்கு.

தெரியாதது வேறு. சிறகு மடல்களை அசைக்கும் சேர்வோவை நீ கவிழ்த்துப் பூட்டியிருந்தாய். பற்றரிக்கு இடம் விட வேறு வழியில்லை என்று இரண்டு நாள் யோசித்துச் செய்த வேலை. கவிழ்த்துப் பூட்டினால் மடல்கள் எதிர்ப்பக்கமாக அசையும். அதை நேராக்கத்தான் பழைய ரிமோட்டில் முதலாம் சனலின் சுவிச்சை மறுபக்கம் தள்ளி, ஒருவரும் தட்டிவிடக் கூடாதென்று தங்கை நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூட்டெக்ஸால் ஒரு பொட்டும் வைத்தாய். அந்தப் பொட்டு எதற்கு என்று கேட்க ஒருவனுக்குப் பட்டம் தேவையில்லை. ஆனால் பட்டம் பெற்றவர் கேட்கவில்லை. புது ரிமோட்டில் அந்தச் சனல் திருப்பப்படாமலே கிடந்தது.

சரி, மறதி யாருக்குமுண்டு. அதைப் பிடிக்கத்தானே பறக்குமுன் சரிபார்ப்பது? நீயும் நானும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைப் படிக்கவில்லை. நீ ரிமோட்டோடு வாலுக்குப் பின்னால் நிற்பாய். நான் குந்தியிருந்து விமானத்தைப் பிடித்துக்கொள்வேன். நீ "வலம்" என்பாய். வலப்பக்க மடல் எழும்; எழும் மடலின் பக்கம்தானே விமானம் சாயும். நான் அதைத் தொட்டு "வலம் மேலை" என்பேன். சற்றுமுன் பறந்து இறங்கியதாக இருந்தாலும் மறுபடி அதேதான். "இப்பத்தானே பாத்தது, இன்னும் என்ன?" என்று ஒருநாள் நான் அலுத்துக்கொண்டபோது, "முழங்கால் நோகுதெண்டாச் சொல்லுங்கோ மச்சான், விமானத்தைச் சாட்டாதேங்கோ" என்றாய்.

உன் நினைவு நாளன்று என்ன செய்தார்கள் தெரியுமா? கதிரைகளுக்கு முன்னால் மாலை போட்ட உன் படம். விமானத்தின் மூக்கை உன் படத்துக்கு நேரே திருப்பி வைத்தார்கள். அது உனக்கு வணக்கம் சொல்வதுபோல வீடியோவில் வர வேண்டுமாம். தலைவரும் படத்துக்குப் பக்கத்தில், விமானத்தின் முகத்தைப் பார்த்தபடி நின்று ரிமோட்டின் குச்சியை ஆட்டினார். முன்னால் நிற்கிறவனுக்கு விமானத்தின் இடப்பக்கம் தன் வலப்பக்கமாகத் தெரியும். அவர் வலப்பக்கம் தள்ளினார். எழுந்தது விமானத்தின் இடது மடல். அது அவருடைய வலக்கைப் பக்கம் இருந்தது. "எல்லாம் ஓகே" என்றார். சனம் கைதட்டியது. எதற்குக் கைதட்டினார்கள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

நான் எழும்பினேன். "தம்பி, வாலுக்குப் பின்னாலை போய் நிண்டு பாருங்கோ" என்றேன்.

கழகச் செயலாளர் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். "ஐயா, கமராவை மறைக்கிறியள். கொஞ்சம் இருங்கோ."

நான் இருந்துவிட்டேன், ராசன். உன் நாளில் சண்டை வேண்டாம் என்று தங்கை கண்ணால் கெஞ்சினாள். எழுபது வயதுக்கு மேல் ஒருமுறை அடங்கிப் பார்த்தேன்.

விமானம் அழகாகத்தான் எழும்பியது. நீ கட்டியது வேறு எப்படி எழும்பும்? கடல்நீரேரிக் காற்று அதைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தது. அவர் வலம் கொடுத்தார். இன்னும் இடப்பக்கம் சாய்ந்தது. இன்னும் வலம் கொடுத்தார். படித்த மனிதர், கொடுத்துக்கொண்டே இருந்தார். விமானம் மல்லாந்து, தரவைப் புல்லில் மூக்கைக் குத்தி விழுந்தது. மேற்சிறகு இரண்டாகிப் போனது.

அதுகூடப் போகட்டும். மரத்தைத் திரும்ப ஒட்டலாம். அடுத்துச் செய்ததைத்தான் நான் பொறுக்கமாட்டேன். உடைந்ததைக் கழக மண்டபத்தில் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் வைத்து, கீழே ஓர் அட்டையும் வைத்தார்கள். 'அமரரின் கைவண்ணம். கட்டுமானக் குறைபாட்டினால் நினைவுப் பறப்பின்போது சேதமடைந்தது.' உன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. பறக்கவிட்டவர் பெயர் இல்லை.

அதைப் படித்துவிட்டு வந்த அன்று தங்கை சமைக்கவில்லை. நான் போனபோது குசினியில் சும்மா இருந்தாள்.

"அண்ணை, அவர் நோய் வருத்தத்தோடைதானே அதைக் கட்டி முடிச்சவர். கை நடுக்கத்திலை ஏதும் பிழை விட்டிட்டாரோ?"

"ஆர் சொன்னது?"

"அவை படிச்ச ஆக்களெல்லே. சும்மா எழுதுவினமோ?"

உன் கைவேலையைப் பற்றி உன் மனைவியே இப்படிக் கேட்கும்படி செய்துவிட்டார்கள். இதை நான் எப்படி விடுவது?

மறுநாளே மண்டபத்துக்குப் போனேன். அலுமாரியைத் திறக்கச் சொல்லிப் பற்றரியைக் கொழுவினேன். தலைவருடைய ரிமோட்டின் குச்சியை அவருடைய கையாலேயே வலப்பக்கம் தள்ளச் சொன்னேன். உடையாமல் மிஞ்சிய கீழ்ச்சிறகில் இடது மடல் எழுந்தது. நான் வாலுக்குப் பின்னால் நின்றேன். அவர் அப்போதும் முன்னால்தான் நின்றார்.

"விழுந்த அடியிலை சேர்வோ மாறியிருக்கலாம் ஐயா."

"அடியிலை மூளை மாறலாம் தம்பி. சேர்வோ மாறாது."

"நீங்கள் உதெல்லாம் எங்கை படிச்சனீங்கள்?"

"பிழை விட்டுப் படிச்சனான். நீங்கள் பிழை விட்டும் படிக்கேல்லை."

செயலாளர் சிரிப்பை விழுங்கியதைக் கண்டேன். ஆனாலும் அட்டையை எடுக்கவில்லை. செயற்குழுவில் பேசி முடிவெடுப்பார்களாம். மடல் எந்தப் பக்கம் எழுந்தது என்பதற்குச் செயற்குழு எதற்கு? வாக்கெடுத்து இடத்தை வலமாக்கப் போகிறார்களா?

தங்கையிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டாள், தலையாட்டினாள். "நீங்கள் அவரை விட்டுக்குடுக்கமாட்டியள்தானே அண்ணை" என்றாள். அவ்வளவுதான் என் சொல்லுக்கு மதிப்பு. நான் உன்னுடைய ஆள், அவர் எஞ்சினியர்.

ஆகையால் ஊரறியச் சொல்கிறேன். செயலாளர் அந்த அட்டையைத் தன் கையால் எடுக்க வேண்டும். செயற்குழு கூடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீடியோ எடுத்தவர் ஓரிடமும் வெட்டாமல் முழுவதையும் தங்கையிடம் கொடுக்க வேண்டும். எந்த மடல் எழுந்தது என்று அதில் இருக்கிறது. முதலாம் சனலைத் திருப்பாமல் விட்டதையும், முன்னால் நின்று பார்த்ததையும், தலைவர் தன் பெயரோடும் அந்த நீண்ட எழுத்துகளோடும் எழுதி அலுமாரியில் வைக்க வேண்டும். அதோடு முடியாது. அவர் விமானத்தைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டு முற்றத்துக்கு வர வேண்டும். அவளை வாலுக்குப் பின்னால் நிறுத்தி, ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளி, எழுவது எந்த மடல் என்று அவளையே சொல்லவிட வேண்டும். பேச்சு வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம்.

எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. அன்று பிழை தெரிந்தும் சொல்லாமல் கதிரையில் இருந்துவிட்டேன் என்பதைத் தங்கையிடம் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடம் போய்ச் சொல்லுவேன். பிறகு, அவர்கள் தங்கை வீட்டு முற்றத்துக்கு வரும்வரை கழகத்தின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பெண்சாதியின் தமையன்,
உன் மச்சான்
கனகசபை